மரம் உலர்த்திய கதை: திருவண்ணாமலைத் தேர் முதல் ஈரம் நீக்கும் சூளை வரை

திருவண்ணாமலையில் கார்த்திகை தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் தேரோட்டம். பிள்ளையார், முருகன், அண்ணாமலையார், அம்மன், சண்டிகேஸ்வரர் என்று ஐந்து தேர்கள் மாட வீதியில் ஒன்றன்பின் ஒன்றாக வரும். காலையில் வடம் பிடித்தால் எல்லாத் தேரும் நிலைக்கு வந்து சேர இரவாகிவிடும். இவற்றில் அண்ணாமலையாரின் பெரிய தேர் 2024-ல் பழுது பார்க்கப்பட்டு, அந்த ஆண்டு நவம்பரில் வெள்ளோட்டம் விடப்பட்டது.

தேர் ஓடுகிற மாதம் கார்த்திகை. வடகிழக்குப் பருவமழைக் காலம். வீதியும் ஈரம், காற்றும் ஈரம். அதே தேர் சித்திரை, வைகாசியிலும் அதே ஊரில்தான் நிற்கிறது. அப்போது மலையின் பாறை சூடேறி, ரமணாசிரமம் இருக்கும் செங்கம் சாலைப் பக்கம் நடந்தால் காற்றே அனலாக அடிக்கும். ஆசிரமத்தில் 1949-ல் குடமுழுக்கு நடந்த மாத்ருபூதேஸ்வரர் ஆலயம் கருங்கல்லால் ஆனது. அதற்கு இந்த இரண்டு காற்றும் ஒன்றுதான். மரத்துக்கு அப்படி அல்ல. அந்தப் பகுதி வீடுகளில் மழைக்காலத்தில் இறுகிக்கொண்டு திறக்க மறுக்கும் கதவு, கோடையில் இடுக்கு விட்டு ஆடும். கதவுக்கு இப்படி என்றால் ஆயிரக்கணக்கானோர் வடம் பிடித்து இழுக்கும் தேரின் பொருத்துகள் என்ன ஆகும்?

அதனால்தான் தச்சர்கள் எந்தக் காலத்திலும் கேட்ட முதல் கேள்வி, "மரம் காய்ந்ததா?" என்பது. கேள்வி எளிது. இதற்குச் சரியான பதில் கிடைக்க மனிதருக்குப் பல நூற்றாண்டுகள் ஆயின. அந்தப் பதிலும் சற்று விசித்திரமானது: மரத்தை நன்றாக உலர்த்த வேண்டுமானால், அதைச் சுற்றியுள்ள காற்றை ஈரமாக வைத்திருக்க வேண்டும்!

மரத்துக்குள் இருக்கும் நீர்

பச்சை மரத்தில் நீர் இரண்டு விதமாக இருக்கிறது. குழாய் போன்ற நுண்ணறைகளின் உள்ளே தேங்கி நிற்பது ஒன்று. அந்த அறைகளின் சுவரிலேயே ஊறி நிற்பது மற்றொன்று. உலரத் தொடங்கும்போது முதலில் தேங்கிய நீர் வெளியேறும். அப்போது மரத்தின் எடை குறையுமே தவிர, அளவு மாறாது. தேங்கிய நீர் முழுதும் போய், சுவரில் ஊறிய நீர் மட்டும் மிஞ்சும் நிலையில் ஈரம் சுமார் 30 சதவீதம் இருக்கும். (இந்தச் சதவீதம் முற்றிலும் உலர்ந்த மரத்தின் எடையைக் கொண்டு கணக்கிடப்படுவது. அதனால் சில பச்சை மரங்களில் ஈரம் 100 சதவீதத்தைத் தாண்டுவதும் உண்டு.)

இந்த 30 சதவீத எல்லைக்குக் கீழே இறங்கினால்தான் சுவர்கள் சுருங்கும், மரமும் சுருங்கும். அதுவும் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. பச்சையிலிருந்து முழு உலர்ச்சி வரை தேக்கு, ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் சுமார் 5.8 சதவீதம் சுருங்குகிறது. நடுவிலிருந்து வெளிநோக்கிய திசையிலோ சுமார் 2.5 சதவீதம்தான். நீளவாக்கில் மிகமிகக் குறைவு. பலகை கோணிக்கொள்வதற்கும் வளைவதற்கும் இந்த ஏற்றத்தாழ்வே காரணம்.

சரி, எவ்வளவு உலர்ந்தால் போதும்? இதை முடிவு செய்வது மரம் அல்ல, காற்று. காற்றின் ஈரப்பதம் 30 சதவீதமானால் அதில் நெடுநாள் கிடக்கும் மரம் சுமார் 6 சதவீத ஈரத்தில் வந்து நிற்கும். 50 சதவீதக் காற்றில் சுமார் 9, 65-ல் 12, 80-ல் 16, 90-ல் 20 சதவீதம். இதற்குச் சமநிலை ஈரம் என்று பெயர். மிகையாக உலர்த்திய மரம் காற்றிலிருந்து நீரை இழுத்து மீண்டும் ஊதும். குறைவாக உலர்த்திய மரம் வேலை முடிந்த பிறகு சுருங்கும். 10 அங்குல அகலமுள்ள ஒரு தேக்குப் பலகை 16-லிருந்து 9 சதவீதத்துக்கு இறங்கினால் 3 மில்லிமீட்டருக்கு மேல் அகலம் குறையலாம். தச்சு வேலையில் 3 மில்லிமீட்டர் என்பது பெரிய இடைவெளி.

பொறுமை ஒன்றே கருவியாக இருந்த காலம்

தமிழ்நாட்டுத் தேர்களுக்கு இலுப்பை, வேங்கை, தேக்கு போன்ற கடின மரங்கள் பயன்பட்டு வந்திருக்கின்றன. இவை வைரம் பாய்ந்தவை, கனமானவை. கனமான மரத்தில் நீர் உள்ளிருந்து வெளியே வர நெடுநேரம் பிடிக்கும். தடிமன் கூடினால் இன்னும் மோசம். தடிமன் இரு மடங்கானால் உலரும் காலம் இரு மடங்கோடு நிற்காது, ஏறத்தாழ நான்கு மடங்கு வரை போகும். ஒரு அங்குலப் பலகைக்கும் ஒரு அடி கன உத்தரத்துக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான்.

எந்திரம் இல்லாத காலத்தில் இதற்கு இருந்த வழி பொறுமை. அறுத்த மரத்தை வெயிலில் போடாமல் நிழலில், அடுக்குக்கு அடுக்கு குறுக்குக் கட்டைகள் வைத்துக் காற்றோட்டமாக அடுக்கினார்கள். முனைகளில் சாணமோ மண்ணோ பூசினார்கள். நீர் பலகையின் முனை வழியாகத்தான் மிக வேகமாக வெளியேறும். அங்கேதான் முதல் வெடிப்பும் வரும். அந்தப் பூச்சு முனையின் வேகத்தைக் குறைத்தது. காரணத்தை எழுதி வைக்காவிட்டாலும் கை அறிந்திருந்த அறிவு இது.

மரத்தை நீரில் போட்டு வைப்பதும் பழைய வழக்கம். கேரளத்தில் கோழிக்கோட்டை அடுத்த கல்லாயி ஆற்றில் மரக்கட்டைகள் மிதந்து கிடந்த காட்சி புகழ்பெற்றது. நீரில் கிடக்கும்வரை கட்டை வெடிக்காது. பூச்சிகளை இழுக்கும் மாவுப்பொருளும் ஓரளவு கரைந்து போகும். பர்மாவிலும் மலபாரிலும் தேக்கை வெட்டுவதற்கு முன்பே, அடிமரத்தைச் சுற்றி வளையமாக வெள்ளைப் பகுதி தீரும்வரை வெட்டி, இரண்டு மூன்று ஆண்டுகள் நின்றபடியே காய விட்டார்கள். பச்சைத் தேக்கு நீரில் மூழ்கும். நின்று காய்ந்த தேக்கு மிதக்கும், ஆற்றோடு கொண்டுபோகலாம்.

இந்தப் பொறுமை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கப்பல்களே சாட்சி. 1810-ல் இங்கிலாந்தின் டெப்ட்ஃபோர்டில் கட்டி இறக்கப்பட்ட 'குயின் சார்லட்' என்ற பெரிய போர்க்கப்பல், பணிக்குப் போகும் முன்பே பூஞ்சணம் பிடித்து உளுத்தது. போர்க்கால அவசரத்தில் சரியாக உலராத மரம் அதில் போயிருந்தது. அதே காலத்தில் பம்பாய் துறையில் வாடியா குடும்பத்தார் மலபார் தேக்கில் கட்டிய கப்பல்கள் நெடுங்காலம் உழைத்தன. 1817-ல் அங்கே இறக்கப்பட்ட 'திரிங்கோமலி' இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதந்துகொண்டிருக்கிறது. தேக்கின் இயல்பான எண்ணெய்ப் பசைக்கும் இதில் பங்கு உண்டு.

ஆனால் தேக்கு தீர்ந்துகொண்டே வந்தது. 1840-களில் மலபார் கலெக்டர் கொனோலி, சாத்து மேனனைக் கொண்டு நிலம்பூரில் தேக்குத் தோட்டம் போட்டது இந்தப் பற்றாக்குறையால்தான். தேக்கு சொன்னபடி கேட்கும் மரம், அவ்வளவாக வெடிக்காது. அது அரிதானபோது கருமருது, சால் போன்ற முரட்டு மரங்களிடம் போக வேண்டியிருந்தது. அவற்றிடம் பழைய பொறுமை மட்டும் போதவில்லை.

சூடு மட்டும் போதாது

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மரத்தைச் சூடான அறையில் வைத்து விரைவாக உலர்த்தும் முயற்சிகள் 19-ஆம் நூற்றாண்டில் பெருகின. இந்த அறைக்குத்தான் சூளை என்று பெயர். சூளை என்றதும் செங்கல் சூளை நினைவுக்கு வரும். இது அப்படி அல்ல. நான்கு பக்கமும் அடைத்த, விசிறி வைத்த ஓர் அறை, அவ்வளவே. அறையைச் சூடாக்கினால் மரம் சீக்கிரம் காயும் என்று பலர் எண்ணினார்கள். பைன் போன்ற மென்மரங்கள் ஓரளவு தாங்கின. கடின மரங்கள் வெடித்தன.

ஏன் வெடித்தன? சூடான வறண்ட காற்று பலகையின் மேல்பரப்பை முதலில் உறிஞ்சி எடுக்கிறது. மேல்தோல் சுருங்கப் பார்க்கிறது. உள்ளே இன்னும் நீர் நிறைந்திருப்பதால் உட்பகுதி சுருங்காமல் எதிர்த்து நிற்கிறது. தோல் இழுபட்டு மேற்பிளவு விழுகிறது. பிளவு விழாமல் தாங்கிக்கொண்ட பலகையோ, அந்த விரிந்த நிலையிலேயே இறுகிவிடுகிறது. பிறகு உட்பகுதி சுருங்கத் தொடங்கும்போது வெளித்தோல் விட்டுக்கொடுப்பதில்லை. இப்போது உள்ளே கிழிகிறது. வெளியில் பார்த்தால் குறையே தெரியாது. அறுத்துப் பார்த்தால் தேன்கூடு போல ஓட்டைகள். அறுபது, எண்பது ஆண்டுகள் வளர்ந்த மரம், சூளையில் ஒரே வாரத்தில் விறகாகிவிடும்.

இந்தச் சிக்கலை அறிவியலாக அணுகியவர்களில் முக்கியமானவர் அமெரிக்கரான ஹாரி டொனால்ட் டீமன். மேலே சொன்ன 30 சதவீத எல்லையை 1906-ல் விளக்கியவர் அவரே. 1910-ல் விஸ்கான்சினில் உள்ள மேடிசன் நகரில் வனப்பொருள் ஆய்வகம் தொடங்கியது. அங்கே டீமன், நீர்த்தூவல் மூலம் காற்றின் ஈரத்தைக் கட்டுப்படுத்தும் சூளையை உருவாக்கினார். முதல் உலகப் போரில் விமானங்களுக்கும் துப்பாக்கிக் கட்டைகளுக்கும் காய்ந்த மரம் அவசரமாகத் தேவைப்பட்டது. மரத்தை ஆண்டுக்கணக்கில் காய விட யாருக்கும் நேரம் இல்லை. 1917-ல் வெளிவந்த டீமனின் நூல் அந்தத் தேவையோடு சேர்ந்து உலகெங்கும் பரவியது.

டீமன் காட்டிய வழி இதுதான். தொடக்கத்தில் மிதமான சூடும் மிக ஈரமான காற்றும் கொடுக்க வேண்டும். உட்பகுதியிலிருந்து நீர் வெளியே வர வர, காற்றைப் படிப்படியாக வறட்ட வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு: பின்னாளில் வகுக்கப்பட்ட அமெரிக்க அட்டவணைப்படி, ஒரு அங்குலச் சிவப்பு ஓக் பலகை 43 டிகிரி வெப்பத்திலும் 87 சதவீத ஈரக் காற்றிலும் உலரத் தொடங்குகிறது. கடைசிக் கட்டத்தில்தான் 82 டிகிரியும் 26 சதவீதமும். மழைநாள் காற்றை விட ஈரமான காற்றில் தொடங்கி, பாலைவனக் காற்றில் முடிகிற பயணம் அது.

இதற்குத் தேவைப்பட்ட கருவி மிக எளிது. இரண்டு வெப்பமானிகள், ஒன்றில் ஈரத்துணி. காற்று வறண்டிருந்தால் துணியின் நீர் ஆவியாகி அந்த வெப்பமானி குளிர்ந்து காட்டும். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டு காற்றின் ஈரம் தெரியும். துணி காய்ந்தாலோ அழுக்கேறினாலோ கணக்கு தவறும். அறைக்காற்று உண்மையில் இருப்பதை விட ஈரமாகத் தோன்றும். அதை நம்பி இன்னும் வறட்டினால் ஒரு முழு அடுக்கு மரமும் பாழ்.

டேராடூனின் பங்கு

இந்தியாவில் இந்த வேலையைச் செய்தது 1906-ல் டேராடூனில் தொடங்கிய வன ஆராய்ச்சி நிறுவனம். அமெரிக்க அட்டவணையை அப்படியே இங்கே பயன்படுத்த முடியாது. இங்குள்ள மரங்கள் வேறு, காற்றும் வேறு. ஒவ்வொரு மரத்தையும் தனித்தனியே சோதிக்க வேண்டியிருந்தது. அங்கு பணியாற்றிய எஸ்.என். கபூர் இந்திய மரங்களை உலர்த்தும் முறைக்கான கையேட்டை 1934-ல் வெளியிட்டார். விடுதலைக்குப் பின் 1958-ல் இந்திய தர நிர்ணய நிறுவனம் மரம் உலர்த்தலுக்கு விதித்தொகுப்பு (ஐ.எஸ். 1141) கொண்டு வந்தது. அது மரங்களை எளிதில் உலர்பவை, ஓரளவு முரண்டு பிடிப்பவை, மிகவும் முரண்டு பிடிப்பவை என்று மூன்றாகப் பிரிக்கிறது. இலவு முதல் வகை, தேக்கு இரண்டாவது, சால் மூன்றாவது.

இன்னொரு தரவிதி (ஐ.எஸ். 287) இன்னும் சுவையானது. அது நாட்டையே காற்றின் ஆண்டுச் சராசரி ஈரப்பதத்தைக் கொண்டு நான்கு மண்டலங்களாகப் பிரிக்கிறது: 40 சதவீதத்துக்குக் கீழ், 40 முதல் 50, 50 முதல் 67, 67-க்கு மேல். எந்த மண்டலத்தில் பயன்படப்போகிறதோ அதற்கேற்ப மரத்தின் ஈரத்துக்கு உச்ச அளவு உண்டு. "காய்ந்த மரம்" என்று பொதுவாக ஒன்று கிடையாது, "இந்த ஊருக்குக் காய்ந்த மரம்" என்றுதான் உண்டு என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டதாக இதை எடுத்துக்கொள்ளலாம்.

நீராவிச் சூளைக்குக் கொதிகலன் வேண்டும், எரிபொருள் வேண்டும். சிறு பட்டறைக்கு அது கட்டாது. எனவே டேராடூனிலேயே சூரிய வெப்பத்தில் இயங்கும் சூளையை முயன்றார்கள். ரஹ்மான், சாவ்லா ஆகியோரின் ஆய்வு 1961-ல் வெளிவந்தது. சூரியச் சூளையில் இரவில் சூடு குறைந்து காற்றின் ஈரம் கூடுகிறது. பகலில் இறுகிய மேல்தோல் இரவில் சற்று இளகுகிறது. கடின மரத்துக்கு இது ஒரு வரமே.

ஈரம் நீக்கும் சூளை

1973-க்குப் பின் எண்ணெய் விலை ஏறியபோது உலகம் சிக்கனத்தைத் தேடியது. ஐரோப்பாவில் ஏற்கெனவே பயன்பாட்டுக்கு வந்திருந்த ஈரம் நீக்கும் சூளை அப்போது அமெரிக்கா முதலிய நாடுகளிலும் பரவியது.

அதன் பயன் புரிய ஒரு சிறு கணக்கு. ஒரு கன மீட்டர் தேக்கின் உலர் எடை 550 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 60 சதவீத ஈரத்திலிருந்து 12-க்குக் கொண்டுவர 264 லிட்டர் நீரை ஆவியாக்க வேண்டும். ஒரு லிட்டருக்குச் சுமார் 0.66 யூனிட் வீதம் 175 யூனிட்டுக்கு ஈடான வெப்பம். சாதாரணச் சூளையில் ஈரக்காற்றை வெளியே விடும்போது இந்த வெப்பமும் அதனோடு சேர்ந்து போய்விடும்.

ஈரம் நீக்கும் சூளையில் காற்றை வெளியே விடுவதில்லை. நம் வீட்டு ஏசி போன்ற ஓர் எந்திரம் உள்ளே இருக்கிறது. ஈரக்காற்று அதன் குளிர்ந்த குழாய்கள் மேல் படும்போது நீர் திரண்டு சொட்டி, குழாய் வழியே வெளியே போகிறது. நீராவி நீராக மாறும்போது விடுகிற வெப்பத்தை எந்திரம் பிடித்து, தன் சூடான குழாய்கள் வழியே அதே காற்றுக்குத் திருப்பிக் கொடுக்கிறது. ஒரு முறை செலவிட்ட வெப்பம் திரும்பத் திரும்ப வேலை செய்கிறது.

இங்கேயும் கலை முழுவதும் ஈரத்தை ஆள்வதில்தான். எந்திரம் மரத்தின் அளவுக்கு மிஞ்சிப் பெரிதாக இருந்தால் காற்று சட்டென்று வறண்டு மேற்பிளவு வரும். சிறிதாக இருந்தால் ஈரம் தேங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். ரப்பர் மரத்தில் இந்த இரண்டாவது ஆபத்து பெரிது. அறுத்த சில நாட்களிலேயே அதில் நீலக்கறை படியும், அதனால் அதைத் தாமதிக்காமல் மருந்தூட்டி உலர்த்துகிறார்கள். அறையில் சிறு கசிவு இருந்தாலும் ஈரமும் வெப்பமும் ஓடிவிடும். எனவே சுவர், கதவு இரண்டும் இறுக்கமாக இருக்க வேண்டும்.

இந்தச் சூளையில் ஒரு வசதி உண்டு. சொட்டும் நீரை வாளியில் பிடித்து அளந்தாலே நாளொன்றுக்கு மரம் எவ்வளவு இழக்கிறது என்று தெரியும். ஒரு அங்குலச் சிவப்பு ஓக்குக்கு ஒரு நாளில் 3.8 சதவீதத்துக்கு மேல் ஈரம் குறையக்கூடாது என்பது நடைமுறை வரம்பு. வாளி வேகமாக நிறைந்தால் மகிழக்கூடாது, எந்திரத்தின் ஓட்ட நேரத்தைக் குறைக்க வேண்டும்!

குறைகளும் உண்டு. தொடக்ககால எந்திரங்கள் சுமார் 49 டிகிரியைத் தாண்டவில்லை. மரத்தின் நடுவே 56 டிகிரி வெப்பம் 30 நிமிடம் இருந்தால் பூச்சி சாகும் என்பது பெட்டி மரங்களுக்காக 2002-ல் ஏற்கப்பட்ட உலக விதி. அந்த அளவைப் பழைய எந்திரங்கள் எட்டவில்லை. பின்னால் வந்தவை 70 டிகிரி வரை போகின்றன. இன்னொன்று, உலர்த்தி முடிந்தபின் இறுகிய மேல்தோலை இளக்க மீண்டும் சிறிது ஈரம் கொடுக்க வேண்டும். கொதிகலன் இல்லாத சூளையில் அதற்கு நீர்த்தூவலைத் தனியாக அமைக்க வேண்டியிருக்கிறது. நீரை எடுக்க வைத்த சூளைக்குள் கடைசியில் நீரையே தெளிக்க வேண்டியிருப்பது வேடிக்கைதான்.

மீண்டும் மலையடிவாரத்தில்

இவ்வளவு கருவிகள் வந்தபிறகும் ஒரு அடி கனமுள்ள தேர்க்கட்டையை எந்தச் சூளையும் சில வாரங்களில் உலர்த்திவிட முடியாது. அங்கே இன்றும் காலம்தான் முதல் கருவி. திருவாரூர் ஆழித்தேருக்கு 1970-ல் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் அச்சும் செய்து தந்தது. தேரில் மிக அதிகச் சுமை தாங்கும் உறுப்பு அப்போது மரத்திலிருந்து இரும்புக்கு மாறியது. ஆனால் மேலே உள்ள அடுக்குகளும் சிற்பங்களும் மரம்தான். அவை காற்றோடு சேர்ந்து மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும்.

திருவண்ணாமலையில் திறந்த வெளியில் நிற்கும் மரத்தை 6 சதவீதத்துக்கு உலர்த்தினால் கார்த்திகை மழையில் ஊதிப் பொருத்துகளைப் பிளக்கும். 20 சதவீதத்தில் விட்டால் சித்திரை வெயிலில் சுருங்கி ஆணி தளரும். நடுவில் ஓர் அளவைப் பிடித்து, மிச்ச அசைவுக்குப் பொருத்துகளில் இடம் விட வேண்டும். அதே மரம் ஏசி அறைக்குப் போகுமானால் அளவு வேறு, குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் நாட்டுக்குக் கப்பல் ஏறுமானால் வேறு.

சாணம் பூசிய தச்சரும், ஈரத்துணி வெப்பமானி பார்த்த டீமனும், வாளியில் நீர் அளக்கும் இன்றைய பட்டறைக்காரரும் செய்தது ஒரே வேலைதான். மரத்தின் உள்ளும் புறமும் ஒன்றை விட்டு ஒன்று ஓடிவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். மரத்திலிருந்து நீரை எடுப்பது பெரிதல்ல, வெயிலே எடுத்துவிடும். எந்த வேகத்தில் எடுப்பது, எங்கே நிறுத்துவது என்பதுதான் தொழில். அடுத்த கார்த்திகையில் மாட வீதியில் தேர் திரும்பும்போது மரம் முனகும் ஓசை கேட்டால், அதன் பின்னால் இத்தனை கால அறிவு இருக்கிறது என்பதையும் நினைத்துக்கொள்ளலாம்.